வெறுங்கை

மணிமங்கலம் ஏரிக்கரையில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. திருவிழாக்களில் வல்லூறு பறக்கவிட்டு வித்தை காட்டும் ரத்தினம், தோலுறை போட்ட இடக்கையை உயர்த்தி நிற்கிறார். எதிரே ஸ்டூடியோக்காரன் ஹேமந்த் கேமராவோடு மண்டியிட்டிருக்கிறான். பறக்கிற பறவையைத் துரத்திப் படம்பிடிப்பது கடினம்; அது வந்து இறங்கும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்த இடம் ரத்தினத்தின் கை. கையில் கறி இருக்கிறதென்று நம்பித்தான் வல்லூறு வரும். தின்று வயிறு நிறைந்தால் வராது. அதனால்தான் ஹேமந்த் சற்றுமுன் கெஞ்சினான்: “பிலிம் ரோலு முடியிற வரிக்கும் கறி குடுக்காதண்ணே. சும்மா கைய மட்டும் காட்டு. பத்திரிகைல நீயும் வருவ.” ரத்தினம் தலையாட்டிவிட்டார். வெறுங்கையைக் காட்டியபோதெல்லாம் அது நம்பி வந்தது. கால்மணி சிணுங்க இறங்கி, அவர் விரலிடுக்கில் அலகால் தேடியது. “கம்மல் வாங்கித் தரேன்னு என்னை ஏமாத்துன. இப்ப அதையுமா?” என்று பக்கத்தில் நின்ற மனைவி காந்திமதி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அது பனை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. ரத்தினம் இருக்கிற கறி முழுவதையும் கையில் ஏந்தி, சீழ்க்கை அடிக்கிறார். அது கறியைப் பார்க்கிறது, அவரைப் பார்க்கிறது, ஒரு காலை மடக்கி இறகுக்குள் இழுத்துக்கொள்கிறது. “ராஜா, நெஜமாவே கீதுடா,” என்கிறார், காந்திமதிக்குக்கூடக் கேட்காத குரலில். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஹேமந்த் சொல்கிறான்: “சூப்பர்ண்ணே. கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு.” ரத்தினம் தூக்குகிறார். முகத்தை மட்டும் ஏரிப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.