பூட்டிய பெட்டியின் சாவி

சோலேகா ஷூவுக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தாள். பாலே ஆடுகிற பெண்கள் விரல் நுனியில் ஏறி நிற்கப் போடும் ஷூ. சாதாரண நூல் இதற்குத் தாங்காது என்று, பல் இடுக்கைச் சுத்தம் பண்ணுகிற மெழுகு நூலை ஊசியில் கோத்திருந்தாள். நாடாவும் அப்படித்தான், கணுக்காலில் அவள் ஒரு முடிச்சுப் போட்டால் லேசில் அவிழாது.

"சோலேகா, உள்ளே வரலாமா?"

கேட்கும்போதே உள்ளே வந்துவிட்டாள் புலெல்வா. குகுலேத்துப் பேட்டை நடன வகுப்புப் பெற்றோர் சங்கத்தின் தலைவி. எண்ணெய் கசியும் காகிதப் பையில் சுடச்சுட அமக்வின்யா, பொரித்த மாவு உருண்டைகள், கொண்டுவந்திருந்தாள். தலைவி கையில் தின்பண்டம் இருந்தால் பின்னாடியே காரியமும் வரும் என்று தெருவுக்கே தெரியும்.

"உக்காருங்கக்கா."

"நேத்து சர்ச் ஹால்ல நடந்த கூத்தைப் பாத்தியா?"

பார்க்காமல் என்ன? வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி ஷூ வந்திருந்தது. ஷெரீன் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைக் காலில் எக்கி நின்று பத்து எண்ணும்வரை ஆடாமல் இருக்கச் சொன்னார். நாலு பேர்தான் நின்றார்கள். மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

அவ்வளவுதான், அம்மாக்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியின் மகள் கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறாள், அதனால் அவள் தயார். இன்னொருத்தியின் மகளுக்கு ஷூ அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது, அதனால் அவளும் தயார். புலெல்வாவோ ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள், அதனால் அவள் மகள் தயாராகியே தீரவேண்டும்.

அந்தக் கூச்சலில்தான் சோலேகா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். நாலு பேர் முன்னால் தன் பேரைச் சொல்லவே கூசுகிறவள்.

"டீச்சர் சொல்றதுதான் சரி. எலும்பு முத்தாம ஏத்தினா கால் காலத்துக்கும் போயிடும்."

இத்தனைக்கும் அவள் மகள் சினாசோவும் தேறவில்லை. ஆறு எண்ணுவதற்குள் கணுக்கால் ஆடிவிட்டது.

"பாத்துக்கங்க, இவதான் அம்மா!" என்று டீச்சர் கையே தட்டிவிட்டார். தேறிய நாலு பேருக்கு நாடா தைக்கிற வேலையும், மிச்ச ஷூவைப் பூட்டி வைத்த பெட்டியின் சாவியும் அவளிடமே வந்தன.

"அந்தச் சாவி விஷயமாத்தான் வந்தேன்," புலெல்வா குரலைத் தாழ்த்தினாள். "என் கன்யிசாவுக்கு ஒரு ஜோடி குடு. ஒரே ஒரு நாள். ஞாயித்துக்கிழமை ஜோஹனஸ்பர்க்லேர்ந்து நாத்தனார் வர்றா. அவ பொண்ணு ஒன்பது வயசுலயே ஏறிட்டாளாம். ஒரு போட்டோ எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"ஏறி நின்னு எடுக்கிற போட்டோவா?"

"பின்னே? நாத்தனார் முன்னாடி என் பொண்ணு ஷூவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளா?"

சோலேகா ஊசியை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"நாத்தனாரை ஜெயிக்கணும்னா நீங்க ஜெயிங்கக்கா. அதுக்குப் பிள்ளையோட காலா கிடைச்சுது?"

புலெல்வாவின் முகம் சுண்டிப்போனது.

"உனக்கென்னம்மா, உனக்கு இந்த ஆசையெல்லாம் கிடையாது."

"ஆசை யாருக்கு இல்லை? அடக்கிக்கறோம்."

உள்ளறையில் டொக்கென்று ஒரு சத்தம்.

"என்னது?"

"சினாசோதான். கட்டிலுக்கடியில எதையோ தேடிக்கிட்டிருக்கா."

புலெல்வா பேச்சை மாற்ற, சோலேகாவின் கையிலிருந்த ஷூவை எட்டிப் பார்த்தாள். "இது யாருக்கு? ரொம்பப் பொடிசா இருக்கே."

"தேறினதுல ஒருத்திக்கு. அவளுக்குச் சின்னக் கால்."

புலெல்வா எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"சுருக்குன்னுதான் இருந்துச்சு நீ சொன்னது. ஆனா நியாயம். டீச்சரைப் பாத்தா நானே சொல்லிடறேன், சாவியைச் சரியான ஆள்கிட்டதான் குடுத்திருக்கீங்கன்னு."

கொண்டுவந்த அமக்வின்யாவை அப்படியே விட்டுப்போகவும் மனசில்லை. இரண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை சோலேகா ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு கதவைத் தாழிட்டாள். தேறிய நாலு பேருடைய ஷூவும் தைத்து முடித்து, காலையிலேயே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது.

கையிலிருந்த ஒற்றை ஷூவோடு அவள் உள்ளறைக்குப் போனாள்.

சினாசோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வலது காலில் அதே ஷூவின் ஜோடி. நாடா கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"அம்மா, கட்டைவிரல் எரியுதும்மா. கழட்டிடவா?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். இடது காலை நீட்டு."

"எலும்பு முத்தாம ஏத்தக்கூடாதுன்னு நீதானேம்மா எல்லார் முன்னாடியும் சொன்னே?"

"அது மத்த பிள்ளைங்களுக்குடி."

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"சோலேகா! நான்தான் ஷெரீன் டீச்சர். வழியில புலெல்வா எல்லாத்தையும் சொன்னா. உன்னைக் கட்டிப்பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லாம போக மனசு வரலை. கதவைத் திற."

"இதோ டீச்சர்!"

சோலேகா சட்டென்று மண்டியிட்டு மகளின் கணுக்காலைப் பிடித்தாள். நாடாவை இழுத்தாள். நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்தும் பார்த்தாள். அவள் கையாலேயே போட்ட அந்த முடிச்சு—

"சோலேகா!"