ஆறு மணிச் செய்தி

"ஏரியல் கம்பில ஒரு தப்பும் இல்ல, மீனு. பின்ன ஏன் இந்த இரைச்சல்?"

மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த மஹாதேவன், கட்டிலில் சாய்ந்திருந்த மனைவியின் தலைமாட்டில் இருந்த பேட்டரி ரேடியோவைத் திருகினார். 'கொர்' என்ற சத்தம். அதன் அடியில் எங்கோ ஒரு பெண்குரல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

அது அவர்கள் மகள் தேவிப்ரியாவின் குரல். சண்டை போட்டுக்கொண்டு வெளிநாடு போனவள், நாலு வருடமாகப் போனை எடுப்பதில்லை. அங்கே ஒரு சிற்றலை நிலையத்தில் தமிழில் செய்தி வாசிக்கிறாள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இணையத்தில் வராத நிலையம். அந்தக் குரலை ஒரு தடவையாவது தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் மீனாக்ஷிக்கு.

"மாடில கம்பி கட்டக்கூடாதுன்னாளே, யாராவது பாத்துட்டாளா?"

"தெரியவே தெரியாது. கரியாஹாட் மார்க்கெட்ல வாங்கின ஃபேன் காயில் கம்பி, தலைமயிர் கனம். துணிக்கொடியோட சேத்துச் சுத்தியிருக்கேன். ஃப்ளாட் செக்ரட்டரி சாட்டர்ஜிதான், 'என்ன மஹாதேவன், தினம் மூணு தடவையா துணி காயறது?'ங்கறார்."

அவள் சிரிக்கப் பார்த்து இருமினாள்.

"கம்பிக்குப் பேதம் தெரியாது, மீனு. குரலையும் பிடிக்கும், வீட்டு சாமான் கிளப்பற இரைச்சலையும் பிடிக்கும். அதான் ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்தேன். ட்யூப்லைட், ஃப்ரிட்ஜ், இன்டர்நெட் டப்பா. ஒண்ணும் மாறல. நாளைக்குக் கம்பியைத் தண்ணித்தொட்டிப் பக்கம் திருப்பறேன்."

"நாலாவது தடவை."

"திசை சரியா அமையல."

"ஏன்னா, எல்லாத்தையுமா அணைச்சேள்?"

மஹாதேவன் ரேடியோவைத் துடைத்தார்.

"முந்தாநாள் கரண்ட் போச்சே. நீங்க பதறிண்டு ஓடி வந்தேளே, அந்த ஒரு நிமிஷம் தேவி பேசினது பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேட்டுது."

"எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் அவர். "தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றே?"

"கட்டிலுக்கு அடில இருக்கே, அது எவ்வளவு நேரம் வரும்?"

"அரை மணி. அது அவசரத்துக்கு, மீனு. மறுபடி கரண்ட் போனா நான் எங்க ஓடுவேன்?"

"இதைவிட என்ன அவசரம்?"

செய்தி முடியப் பத்து நிமிடம் இருந்தது. மஹாதேவன் அவள் மூக்குக் குழாயின் மறுமுனையைக் கழற்றி, கட்டிலடியில் இருந்த சிலிண்டரில் மாட்டினார். அதுவரை அவளுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மெஷினை அணைத்தார். ரேடியோவில் இரைச்சல் நின்றது.