எங்கே வெட்டுவீங்க?

தாராவியிலிருந்து டை கட்டி வந்திருந்த டைப்பிஸ்ட் ஞானசேகரனுக்கு வியர்த்துக் கொட்டியது. எதிர் நாற்காலியில் இருதயமேரி. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியின் ஹெட் டைப்பிஸ்ட்.

"டைப் மெஷின்ல வரி முடியப் போகுதுன்னு மணி அடிச்சாச்சு. 'டிபார்ட்மென்ட்' அந்த வரியில அடங்காது. எங்கே வெட்டுவீங்க?"

"'டிபார்ட்' அடிச்சு ஒரு சின்னக் கோடு போடுவேங்க. 'மென்ட்' அடுத்த வரிக்குப் போயிரும்."

"'அபவ்'?"

"வெட்ட மாட்டேன். வரிக் கடைசியில ஒத்தை எழுத்தைத் தொங்க விடக்கூடாது."

"'த்ரூ'?"

"அது ஒரே அசை. கை வைக்கவே கூடாதுங்க."

"போன வாரம் தாணேயில இருந்து வந்தவர் அதையும் ரெண்டா வெட்டினார். காப்பி கொடுத்து அனுப்பிட்டோம்."

இருதயமேரி எழுந்து, சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நாள் பூரா ஆபீஸ்ல பன்னிரண்டு பேரைத் திருத்துதேன். இவரை வீட்டிலயும் திருத்த வேண்டியதில்ல. கோயில்ல சாமியார்கிட்ட எங்க கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லிருங்க."

பெண் பார்க்க வந்த ஞானசேகரனிடம், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.