பொய் சொல்லிப் பார்த்த முள்

நெல் அவிக்கும் ஆலை ஒன்றில் பெரிய கொதிகலன் இருந்தது. உள்ளே நீராவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒரு முள் காட்டும். அளவு மிஞ்சினால் அந்த முள்ளைப் பார்த்து அபாய மணி அடிக்கும். மணி இதுவரை அடித்ததே இல்லை என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள். மணிக்கு மட்டும் உள்ளூர உதறல்.

"அண்ணே, நீங்க தப்பாக் காட்டினா எனக்குத் தெரியுமா? ஒரு தடவை பொய் சொல்லிப் பாருங்களேன்" என்றது முள்ளிடம்.

"என்னையே சந்தேகப்படுறியா?" என்று முள் சீறியது. ஆனாலும் நெருப்பு எரிய எரிய அசையாமல் நின்று பார்த்தது. மணி அதை நம்பி வாயே திறக்கவில்லை. நெருப்பு தணிந்த பிறகு முள் உண்மையைச் சொன்னதும் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

அன்றிலிருந்து மணி, கொதிகலனுக்குக் கீழே எரியும் அடுப்பையும் விசாரித்தது. நெருப்பு ஏறியும் முள் ஏறாவிட்டால் கோளாறு என்று புரிந்துகொண்டது. முள் மறுபடி பொய் சொன்னபோது கையும் களவுமாகப் பிடித்தது.

அறுவடைக் காலத்தில் முள் நிஜமாகவே துருவில் சிக்கிக்கொண்டது.

"நான் தகதகன்னு எரியறேனே!" என்றது அடுப்பு.

உடனே மணி ஆலையே அதிர அலறியது. ஆட்கள் ஓடிவந்து நெருப்பை வெளியே இழுத்துப் போட்டார்கள். கொதிகலன் வெடிக்காமல் தப்பியது.

"என்னையே பிடிச்சிட்டான்யா என் தம்பி!" என்று சிக்கிய இடத்திலிருந்தே கூவியது முள்.