இடது காது

படகு இன்ஜின் பக்கத்திலேயே காலம் தள்ளிய மனோகரனுக்கு இடது காது அடியோடு போய்விட்டது. ராயபுரம் கிளினிக்கில் காது பரிசோதிக்கும் சங்கமித்ரா அந்தக் காதுக்குள் குட்டி மைக்கைச் செருகினாள்.

"உள்காதுல இருக்குற நுண்ணிய முடிங்க ஆடித்தான் சத்தத்தைப் பெருசாக்கும். அப்போ காதே லேசா ஒரு சத்தம் போடும். உங்களுக்கு அந்த முடிங்க செத்துப்போச்சு, சத்தம் வராது."

ஆனால் வந்தது. குழம்பிப்போய், தான் கேட்டுக்கொண்டிருந்த ஹெட்போனை அவரிடமே நீட்டினாள்.

வலது காதில் வைத்துக் கேட்டார். படகின் இன்ஜின் ஓடியது. அதற்கடியில், கடலில் விழுந்து செத்த தம்பி ரஞ்சித் கத்தினான்: "இன்ஜின நிறுத்துண்ணா!" அன்றைக்கு இரைச்சலில் காதில் விழாத குரல்.

மனோகரனின் கை தானாக நீண்டு, அங்கே இல்லாத லீவரை இழுத்தது. ஹெட்போனில் இன்ஜின் நின்றது. படகுப் பலகையில் ஈரக்கால் பதியும் சத்தம் கேட்டது.

"இன்னாய்யா கேக்குது?" என்றாள் கூட வந்திருந்த மனைவி மங்கம்மா.

"ஏறிட்டான் மே."