கொழுத்த சிப்பி

“இந்தச் சிப்பி எந்தப் பாறையில எடுத்தது? சொல்லுங்கப்பா.”

தூண்டில் போடுகிறவரிடம் இரை எடுத்த இடத்தைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் கரை வழக்கம். கேட்டேன். சிப்பி எடுக்கப் போன அம்மாவைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதம். உடல் கிடைக்கவில்லை. அம்மா போன அந்தப் பாறைப் பக்கம் அதன்பிறகு யாரும் போவதில்லை. அப்பாவுக்கு மட்டும் தினமும் மீன். நானும் தின்றேன்.

“அங்கதான் கொழுத்துக் கெடக்கு.” சிப்பிச் சதையைத் தூண்டில் முள்ளில் வைத்து நூல் சுற்றினார். “படிச்ச பிள்ள, பேய்க்குப் பயந்துட்டியோ?”

“பேய நம்பல. தண்ணியில அழுகிக் கரையறதத் தின்னுதான் சிப்பி கொழுக்கும்னு காலேஜில படிச்சிருக்கேன்.”

அவர் விரல் நிற்கவில்லை. “அவதான் தாறா. கொழம்பு வை, போ.”

சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். விடியும்போதே கட்டிவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினேன்.