மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

“மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு வரி. நாலு பேர் ரெண்டு வருஷமா எழுதினது. காலையில பார்த்தா ஒரு வரி விடாம உங்க பேர்ல இருக்கு. என்னம்மா இது?”

மருமகளின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. ஸ்பீக்கர் போனில் அவளுடைய மேலாளர் பேசியது, கூடத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்த ஹெட்கிளார்க்கின் காதில் தெளிவாக விழுந்தது. ஓய்வுபெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு இன்னும் அதுதான் பெயர்.

மருமகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். அடுத்தவன் வீட்டுப் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். நாளிதழை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

அவள் லேப்டாப் பையோடு வெளியே வந்ததும் வழிமறித்து நின்றார்.

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்மா. அடுத்தவங்க எழுதினதை உன் பேருக்கு மாத்தினியா?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “போயிட்டு வந்து பேசலாம் மாமா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குனிந்த தலைதான் அவரைச் சுட்டது. குற்றமில்லாதவள் ஏன் குனிய வேண்டும்? கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். நேற்று முன்தினம்தான் அவளுடைய எழுத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தார். ஆபீஸில் புது லேப்டாப் கொடுத்திருந்ததால், பழையதிலிருந்து எடுத்த ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அப்படி என்னதான் நாள் முழுக்க எழுதுகிறாள் என்று தன் பழைய கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் என்ன ஒழுங்கு, என்ன சுத்தம். கோப்பு என்றால் கடைசித் தாள் வரை பார்த்து, முறைப்படி சேமித்து, எடுத்த இடத்திலேயே வைப்பது அவர் பழக்கம். அப்படியே வைத்தார். அத்தனையும் திருட்டு எழுத்தா?

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். “அவ திருடுற பொண்ணு இல்லைங்க.”

“பின்னே எதுக்குத் தலையைக் குனியறா?”

“எனக்கென்ன தெரியும்? முதல்ல பொத்தானைச் சரியாப் போடுங்க. ஒண்ணு கீழ போயிருக்கு.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊர் பேசுவதற்கு முன் தாமே அவளுடைய ஆபீஸுக்குப் போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் மூன்று மாடியும் படியேறினார். வரவேற்பறையில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல்வரை போய்த் திரும்பினார். மேலாளர் உள்ளே கூப்பிட்டதும், நாற்காலியைத் தொடாமல், வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை நின்றபடியே சொன்னார்.

“எங்க வீட்டுல குத்தத்தை மூடி மறைக்கிற வழக்கம் கிடையாது. செஞ்சது யாரா இருந்தாலும் விடாதீங்க.”

மேலாளருக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். திருட்டு எதுவும் இல்லை, அது பத்தே நிமிஷத்தில் தெளிந்துவிட்டது என்றார். ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்குமாம். சில கம்ப்யூட்டர்கள் ஒரு குறி போடும். வேறு சில இரண்டு போடும். இந்த ஆபீஸில் எல்லாமே ஒற்றைக் குறிதான், அவளுக்குக் கொடுத்தது உட்பட. யாரோ இந்த ஃபைலை இரட்டைக் குறி கம்ப்யூட்டரில் திறந்து சேமித்திருக்கிறார்கள். உடனே வரிக்கு ஒரு குறி கூடிவிட்டது. ஒரு எழுத்துகூட மாறாமலே எல்லா வரியும் மாறியதாகக் கணக்கு. கடைசியாக ஃபைலை அனுப்பியவள் அவள் என்பதால் எல்லாவற்றிலும் அவள் பெயர்.

“அந்தக் காலத்து டைப்ரைட்டர்ல வண்டியைத் தள்ளுறது ஒண்ணு, தாளை ஏத்துறது ஒண்ணுன்னு ரெண்டு வேலையாமே. அந்த ரெண்டுதான் சார் இதுவும்.”

“தெரியும்” என்றார் ஹெட்கிளார்க். முப்பத்தொரு வருஷம் அவருடைய இடது கை செய்த வேலை அது. வீட்டிலிருக்கும் தன் பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வர, டம்ளரைப் பாதியிலேயே மேஜையில் வைத்தார்.

“அப்போ... முடிஞ்சுதா?”

முடியவில்லை. ஃபைலைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதுமாம். ஆனால் ஆபீஸ் ஃபைலை வெளிக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார்கள். அதுதான் பெரிய விஷயம். வீட்டு ஆள் யாராவது தெரியாமல் செய்தது என்றால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும். யாரென்று சொல்லாவிட்டால் வெளியாளுக்குக் கொடுத்ததாகத்தான் மேலிடம் எடுத்துக்கொள்ளும். மத்தியானத்துக்குள் அவளுடைய வேலை போய்விடும்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மருமகள் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கினாள்.

“யாருன்னு அவளுக்கே தெரியாம இருக்கலாம்” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“தெரியுமாம் சார். பேரை மட்டும் சொல்ல மாட்டாங்களாம். ‘அவர் தலை குனிஞ்சு நான் பார்த்ததில்லை, வேலை போனா போகட்டும்’னுட்டாங்க.”

ஹெட்கிளார்க் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி மெல்ல எழுந்தார்.

“அவளைக் கூப்பிடுங்க. இப்போ பார்க்கட்டும்.”